மன்னார் வளைகுடாப் பவளப்பாறையும் மயிலாப்பூர் மாடிவீட்டுத் தொட்டியும்

உப்புநீர் மீன் தொட்டி ஒன்றை வீட்டில் அமைக்க விரும்புவோர் அதனைக் கடலடிப் பவளப்பாறையின் சிறிய வடிவம் என்று கருதுவது இயல்பு. ஒரே உப்புநீர், ஒரே இன மீன்கள், ஒரே நிறங்கள் என்று கண்ணுக்குத் தெரிபவை யாவும் அந்த எண்ணத்தையே வலுப்படுத்துகின்றன. ஆனால் பவளப்பாறையில் கடலின் பரப்பும் நீரோட்டமும் எண்ணற்ற உயிர்களும் தாமாகவே செய்து முடிக்கும் வேலைகளில் சிலவற்றை மட்டுமே வீட்டில் கருவிகளைக் கொண்டு செய்ய முடியும். பலவற்றைச் செய்யவே முடியாது. அந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்பத் தம் விருப்பத்தைச் சுருக்கிக் கொள்பவரின் தொட்டியே நிலைக்கிறது. சென்னையின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும், அதாவது அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற இடங்களில், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பழைய வீடுகளிலும் வாழ்வோரை மனத்தில் கொண்டு இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது.

பாறையின் இன்றைய நிலை

சென்னைக் கடற்கரையில் பவளப்பாறை இல்லை. மணற்பாங்கான கடலடி, ஓயாத அலைமோதல், கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலின் மேற்பரப்பில் கலக்கும் நன்னீர் ஆகியவை பவள உயிரிகள் வேரூன்ற இடந்தருவதில்லை. தமிழ்நாட்டின் பவளப்பாறைகள் தெற்கே பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ளன. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பரந்திருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், அதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த வளைகுடாவில் 117 இனக் கடினப் பவளங்களைப் பதிவு செய்துள்ளனர். கடினப் பவளம் என்பது, கடல்நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு சுண்ணாம்பு எலும்புக்கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் சிறு விலங்குகளின் கூட்டுவாழ்வு. அந்தக் கூடுகள் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததே பாறை.

இத்தகைய பாறையைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பாறை வெட்டுவது நின்ற பின்னரும் தொல்லை தீரவில்லை. பவள உயிரியின் திசுவுக்குள் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவே பவளத்தின் முதன்மையான ஊட்டம், அவற்றின் நிறமே பவளத்தின் நிறம். கோடைக்காலத்தில் நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்தைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெண்மையாகிறது. இதுவே வெளிறல் எனப்படுகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் இறக்கும். 2016ஆம் ஆண்டின் வெளிறலில் மட்டும் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. தொட்டிக்கு எதை வாங்கலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த எண்கள் வாசகரின் நினைவில் நிற்க வேண்டும், ஏனெனில் எடுத்துக்கொள்ள உபரியாக எதுவும் அங்கே இல்லை.

கடல் மீனைக் கண்ணாடிக்குப் பின்னே காணும் ஆவல் இந்நகருக்குப் புதிதன்று. மெரினா கடற்கரையில் 1909இலேயே கடல் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. எனினும் கடலோரத்தில் அரசு நடத்திய காட்சியகத்துக்கும், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இரண்டாம் மாடியில் இருக்கும் இருநூறு லிட்டர் தொட்டிக்கும் இடையிலுள்ள தொலைவு, பின்வரும் பகுதிகளில் தெரியவரும்.

நீரின் அளவே முதல் வேறுபாடு

பாறையில் ஒரு மீன் வெளியேற்றும் கழிவு, நொடிப்பொழுதில் கணக்கற்ற லிட்டர் நீரில் கரைந்து, ஓதத்தாலும் நீரோட்டத்தாலும் அகற்றப்பட்டு, பாசிகளாலும் கடற்பஞ்சுகளாலும் பாக்டீரியாக்களாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதனால் திறந்த கடலை ஒட்டிய பாறைகளின் நீரில் நைட்ரேட் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழாகவே இருக்கும். வீட்டுத் தொட்டியில் அதே கழிவுக்குப் போக்கிடம் இல்லை. மீன் வெளியிடும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றத் தொடரே நைட்ரஜன் சுழற்சி எனப்படுகிறது. தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் கற்களிலும் மணலிலும் குடியேறிப் போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விடுவது, நன்னீர்த் தொட்டியில் விடுவதைவிடவும் கொடியது. ஏனெனில் கடல்நீரின் கார அமிலக் குறியீடு 8.1 அளவில் இருப்பதாலும் சென்னையின் நீர் வெதுவெதுப்பாக இருப்பதாலும் அம்மோனியாவின் நச்சு வடிவம் இங்கே கூடுதல் பங்கு வகிக்கிறது. மீன் இல்லாமலேயே சிறிதளவு அம்மோனியாவைச் சேர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியமாகக் காட்டும் வரை பொறுத்திருப்பதே முறை. ஆர்வலர்கள் இதனைச் சைக்கிளிங் என்பர்.

சுழற்சியின் முடிவில் எஞ்சும் நைட்ரேட்டை வழக்கமான தொட்டியில் உண்பார் இல்லை. அதனை அகற்ற நீரின் ஒரு பகுதியை மாற்றுவதைத் தவிர எளிய வழி கிடையாது. புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவி, நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, அவற்றில் ஒட்டும் கரிமக் கழிவுகளை நுரையாக வெளியேற்றுவதன் மூலம் அவை அம்மோனியாவாகச் சிதைவதற்கு முன்பே பிடித்துவிடுகிறது; அலை பாறையில் மோதிக் கரையில் நுரையை ஒதுக்குவதும் இதே இயற்பியலின்படிதான். ஆயினும் ஸ்கிம்மர் நீர்மாற்றத்தைக் குறைக்குமேயன்றி நீக்காது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதும், மீன்களின் எண்ணிக்கையை மிகக் குறைவாக வைப்பதுமே கடலின் பரப்புக்கு வீட்டில் கிடைக்கக்கூடிய ஈடு.

உப்பும் அதற்கான நீரும்

திறந்த கடலின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. தொட்டியிலோ ஒவ்வொரு நாளும் நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. இருநூறு லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு நான்கு லிட்டர் ஆவியாவதாகக் கொண்டால், மூன்று நாட்கள் கவனிக்காமல் விடும்போது 12 லிட்டர் குறைந்து உப்புத்தன்மை 35லிருந்து 37க்கும் மேல் ஏறிவிடும். இந்த இழப்பை உப்புநீரால் ஈடுசெய்வது புதியோர் அடிக்கடி செய்யும் பிழை; நல்ல நீரை மட்டுமே, இயன்றால் தினமும், ஊற்ற வேண்டும். உப்புத்தன்மையை ரெஃப்ராக்டோமீட்டர் என்னும் சிறு கருவியால் அளந்தறியலாம். அதன்மேல் ஒரு சொட்டு நீரை விட்டால், ஒளி வளையும் அளவைக் கொண்டு அது உப்பின் அளவைக் காட்டிவிடும்.

பெசன்ட் நகரிலும் மயிலாப்பூரிலும் வாழ்வோருக்குக் கடல் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதால், கேன்களில் கடல்நீரை எடுத்துவரலாமே என்ற எண்ணம் எழுகிறது. அது தவிர்க்கப்பட வேண்டியது. எலியட்ஸ் கடற்கரைக்குச் சற்று வடக்கே அடையாறும், மெரினாவின் வடமுனையில் கூவமும் நகரின் கழிவுநீரைச் சுமந்து கடலில் கலக்கின்றன. அத்துடன் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலின் வடபகுதியிலிருந்து தெற்கு நோக்கிக் கரையோரமாக இறங்கும் நீரோட்டம், பேராறுகளின் நன்னீர் கலந்த உப்புக் குறைந்த நீரைக் கொண்டுவருகிறது. அக்காலத்தில் சென்னைக் கரையின் நீர், பவளப்பாறை மீன்கள் பழகிய நீரே அன்று. எனவே கடல் உப்புக் கலவையை வாங்கித் தூய நீரில் கரைப்பதே பாதுகாப்பானது. சமையல் உப்பு இதற்கு ஆகாது, ஏனெனில் கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமல்லாமல் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் வேறு பல தனிமங்களும் மாறா விகிதத்தில் கலந்துள்ளன.

கரைப்பதற்கான நீர்தான் சென்னையில் கடினமான கேள்வி. ஆழ்குழாய் நீரில் கரைந்த உப்புகளின் அளவு தெருவுக்குத் தெரு மாறுபடுகிறது. குடிநீர் வாரியத்தின் குழாய்நீரில், தென்சென்னைக்கு நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரும் சேர்ந்து வருவதால் உப்பு குறைவாக இருக்கலாம்; ஆனால் கிருமிநீக்கத்துக்காகக் கலக்கப்படும் குளோரின் பாக்டீரியாக்களுக்கும் மீன்களுக்கும் கேடு. ஆகவே எந்த நீரானாலும் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டியே பயன்படுத்த வேண்டியுள்ளது. அந்தக் கருவி ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகிறது. இருநூறு லிட்டர் தொட்டிக்கு வாராந்தர மாற்றத்துக்கு 20 லிட்டரும், ஆவியாதலை ஈடுசெய்ய 28 லிட்டரும் எனச் சுமார் 48 லிட்டர் தூய நீர் தேவைப்படுமானால், நூறு முதல் நூற்றைம்பது லிட்டர் வரை கழிவுநீர் சேரும். அதனைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் தனிக் குடத்தில் சேர்த்துப் பயன்படுத்துவது இந்நகரில் ஒரு கடமை. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் பூண்டியும் புழலும் சோழவரமும் வறண்டு, தெருவெங்கும் பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்றதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. அத்தகைய கோடை மீண்டும் வந்தால் தொட்டியை எப்படி நடத்துவது என்பதற்கு விடை இல்லாதவர், தொட்டியைத் தொடங்காதிருப்பதே நன்று.

வெப்பமும் மின்வெட்டும்

பாறையை அழிக்கும் அதே வெப்பம் தொட்டியையும் தாக்குகிறது. வேறுபாடு அதன் வேகத்தில் உள்ளது. கடலின் பெரும் நீர்ப்பரப்பு சில வாரங்களில் ஏற்றுக்கொள்ளும் வெப்ப உயர்வை, மே மாதப் பிற்பகலில் கதவடைத்த அறையிலுள்ள தொட்டி சில மணி நேரத்தில் எட்டிவிடும். மன்னார் வளைகுடாவில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது நீர் கலங்கிக் குளிர்கிறது. தொட்டிக்கு அத்தகைய மீட்பு தானாக வருவதில்லை. நீர்மட்டத்தின்மேல் சிறு விசிறியை வைத்து ஆவியாதலால் குளிர்விப்பது வறண்ட ஊர்களில் நன்கு பயன்படுகிறது. கடற்காற்றின் ஈரம் நிறைந்த சென்னையில் அதன் பயன் ஓரிரு டிகிரிக்கு மேல் போவது அரிது. ஆவியாதலையும் கூட்டி விடுகிறது. சில்லர் எனப்படும் குளிர்விக்கும் கருவி நம்பகமானது, ஆயினும் அது நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்ளேயே வெளியிடுவதால் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கப்பட வேண்டும். தொட்டியின் நீர் 28 டிகிரியைத் தாண்டாமல் நிற்க வேண்டுமானால், கோடை மாதங்களின் மின்கட்டணத்தைத் தொட்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வெப்பம் கூடும்போது நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. 28 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்குச் சுமார் ஆறரை மில்லிகிராம் ஆக்சிஜனையே கொள்ளும். அதே வெப்பத்திலுள்ள நன்னீர் கொள்ளும் அளவைவிட இது குறைவு. பாறையில் அலை ஓயாமல் புரள்வதால் குறையொன்றும் இல்லை. வீட்டிலோ பம்பு நின்றால் அலையும் நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், நீரைச் சுழற்றும் சிறு பம்பு ஒன்றை மட்டும் அதனுடன் இணைப்பது போதுமானது. 150 ஆம்பியர் மணி மின்கலத்தால், வேறு எதையும் இயக்காவிடில், அறுபது வாட்டுக்கு உட்பட்ட பம்பை ஏறத்தாழ ஒரு நாள் ஓட்ட முடியும். சில்லரையும் விளக்கையும் அதில் இணைத்தால் சில மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிடும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றையும் கையிருப்பில் வைத்து, மின்சாரம் வரும்வரை மீனுக்கு உணவிடாமல் இருப்பது நலம்.

இதே இடத்தில் எடையையும் சொல்லியாக வேண்டும். நீர், கல், மணல், கண்ணாடி, தாங்கி அனைத்தும் சேர்ந்து இருநூறு லிட்டர் தொட்டி முந்நூறு கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் இருநூறு கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன; எனவே தொட்டி அறையின் நடுவில் இல்லாமல் உத்தரத்தின்மேலோ சுமைதாங்கும் சுவரை ஒட்டியோ இருக்க வேண்டும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளங்களில், கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் தொட்டி வைக்கக் கூடாது.

எந்த உயிருக்கு எது உணவு

பாறையில் மீன்கள் நாள் முழுவதும் மேய்கின்றன. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் பவள உயிரியின் திசுவையே கொத்தித் தின்பவை. மாண்டரின் மீன் பாறையிடுக்குகளில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரிகளை ஒவ்வொன்றாகத் தேடி உண்பது. இவை கடையில் அழகாகத் தோன்றினாலும், குளிகை உணவைத் தொடாமல் வாரக்கணக்கில் மெலிந்து இறக்கின்றன. சிறிய தொட்டியில் அந்த மேய்ச்சல் நிலத்தை உருவாக்க இயலாது என்பதால், இவ்வினங்களை வாங்காமல் விடுவது ஒன்றே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

கோமாளி மீன் இதற்கு நேர்மாறானது. 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தால் குழந்தைகளுக்கும் அறிமுகமான இம்மீன், இயற்கையில் கொட்டும் இழைகளைக் கொண்ட கடற்சாமந்தியின் நடுவே வாழ்ந்து, தன் சிறு வட்டாரத்தைவிட்டு அதிகம் விலகுவதில்லை. எல்லாக் குஞ்சுகளும் முதலில் ஆணாக வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. எனவே இரு இளம் மீன்களை வாங்கினாலே ஓர் இணை அமைந்துவிடும். எதிரிகள் இல்லாத தொட்டியில் அதற்குக் கடற்சாமந்தியின் காவல் தேவைப்படுவதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்திலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் கோமாளி மீன்களைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பம் வெற்றி பெற்றுள்ளது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுக்களுக்கு முதலில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியையும் பின்னர் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையும் ஊட்டி வளர்க்கிறார்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீன் குளிகை உணவுக்கும் மூடிய நீருக்கும் பிறப்பிலிருந்தே பழகியது. சென்னை வீட்டுக்கு ஓர் இணைக் கோமாளி மீனும் ஓரிரு சிறு மீன்களும் போதும் என்பதே இந்நூலின் தெளிவான பரிந்துரை.

சட்டமும் கொள்முதலும்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உரிய அதே பாதுகாப்பு நிலையில், 2001இல் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், குழாய்ப்பவளம், கடல்விசிறி ஆகியவையும், கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் சேர்க்கப்பட்டன. இவற்றை உயிருடன் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இறந்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு நூல்களும் காணொளிகளும் தொட்டிக்கு அடித்தளமாகப் பரிந்துரைக்கும் லைவ் ராக், அதாவது பாக்டீரியாக்கள் குடியேறிய பாறைத்துண்டு, பெரும்பாலும் பவள எலும்புக்கூடே என்பதால், அந்த நூல்களை அப்படியே பின்பற்றும் சென்னை வாசகர் தம்மை அறியாமலே குற்றத்துக்குள் சென்றுவிடக்கூடும். சுட்ட களிமண்ணாலும் சிமென்ட்டாலும் செய்த நுண்துளைக் கற்கள் அதே பாக்டீரியாக்களுக்கு இடந்தருகின்றன. சிமென்ட் கற்களைப் பல வாரங்கள் நீரில் ஊறவைத்துக் காரத்தை நீக்கிய பின்பே பயன்படுத்த வேண்டும். தேசியப் பூங்காவின் எல்லைக்குள்ளிருந்து கடற்சாமந்தி உட்பட எந்த உயிரையும் அனுமதியின்றி எடுப்பதும் குற்றமே.

தொட்டியைக் கலைக்கும் நாளும் வரலாம். அப்போது மீனையோ பாசியையோ அடையாற்று முகத்துவாரத்திலோ கடற்கரையிலோ விடுவது கருணையாகத் தோன்றும். உண்மையில் அது பெருந்தீங்கு. மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு அருகே 1984இல் காணப்பட்ட காலெர்ப்பா என்னும் காட்சித்தொட்டிப் பாசி, பின்னர் நடுநிலக் கடலின் கரையோரங்களில் பரந்து உள்ளூர்க் கடற்புல்லை மூடியது. தமிழ்நாட்டிலேயே, மண்டபம் கரையில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூச்சடைக்கச் செய்தது. வேண்டாத மீனை வேறொரு ஆர்வலருக்கோ வாங்கிய கடைக்கோ கொடுத்துவிட வேண்டும்.

உலகில் விற்கப்படும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களிலோ பெரும்பகுதி இன்றும் பாறைகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளில் சயனைடைத் தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கத்தால் சுற்றியுள்ள பவளமும் செத்துவிடுகிறது. பிழைக்கும் மீனும் ஈரல் கெட்டுச் சில வாரங்களில் இறப்பதுண்டு. ஆகவே கொளத்தூரின் மீன் கடைகளில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், மீன் எந்தப் பொரிப்பகத்தில் பிறந்தது என்பதைக் கேட்டு, அதை ரசீதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். விற்பவரால் அதைச் சொல்ல இயலாவிட்டால், அந்த மீனை வாங்காமல் வெறுங்கையுடன் திரும்புமாறு வாசகரை இந்நூல் கேட்டுக்கொள்கிறது.